நாலில் நின்ற கோடு

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
24-11-1997

அன்புள்ள செழியன் மாமாவுக்கு,

நந்தினி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்களும் அத்தையும் நலமா என்று விசாரிக்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். விசாரித்துவிட்டேன். 'அன்புள்ள' என்று தொடங்கியதும் அவளுக்காகத்தான்.

அப்பாவை சஸ்பெண்ட் செய்த பிறகு ஆலைக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு நாங்கள் இங்கே வந்து பதினெட்டு நாள் ஆகிறது. அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் மிக்சியும் ஸ்டெபிலைசரும் பழுது பார்க்கிறார். என்னை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ஆலையிலிருந்து பதிவுத் தபாலில் மெமோ வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள், நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள், அக்டோபர் 11 சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குப் பாய்லர் அடுப்புக் கதவு வழியாகத் தீ வெளியே பாய்ந்து, அடுப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன் தருமனுக்கு முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயின. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி தவறாகக் காட்டியதே காரணம். அதைப் பராமரிக்கும் மெக்கானிக் சகாதேவன் சனிக்கிழமைக்குரிய வாரச் சோதனையைச் செய்யவில்லை. கருவியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தது. இவ்வளவும் எழுதி, கீழே ஷிப்ட் பொறுப்பாளர் என்று உங்கள் கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில் நீங்கள் போடும் அந்த இரண்டு கோடுகளும் இருக்கின்றன. சொந்த அக்கா வீட்டுக்காரரை மாட்டிவிடும்போதும் இரண்டு கோடு!

பிப்ரவரியில் விசாரணையாம். குற்றம் உறுதியானால் அப்பாவின் பதினாறு வருட வேலை போய்விடும்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. துளை அடைபட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எதனால் அடைபட்டிருந்தது என்று எழுதவில்லையே, ஏன்? எங்கள் அறிவியல் நோட்டில் 'கண்டது என்ன' என்ற வரியை விட்டுவிட்டால் டீச்சர் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

பதில் எழுதவும்.

இப்படிக்கு,
ச. நந்தினி


ஆலைக் குடியிருப்பு,
மேல்கரணை.
6-12-1997

நந்தினிக்கு மாமா எழுதுவது. இங்கு சுகம். பனிக் காலம், அக்காவைக் காலையில் வெறும் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்.

உன் கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஆலை மெமோவைப் படிக்கிறாள், மாமனை விசாரிக்கிறாள். நல்ல வளர்ப்பு. உன் அப்பா இதைப் படித்தாரா? படித்திருந்தால் தபாலில் சேர்த்திருக்க மாட்டார்.

எதனால் அடைத்தது என்று கேட்டிருக்கிறாய். சாம்பல். பாய்லர் வீட்டில் வேறு என்ன இருக்கும், மல்லிகைப் பூவா?

அரைப் பரீட்சை நெருங்குகிறது. அதைப் பார்.

செழியன்


வேங்கிக்கால்,
18-12-1997

மாமாவுக்கு,

நலம். அம்மா வெறும் தரையில்தான் உட்காருகிறாள். நாற்காலிகள் இன்னும் உங்கள் குடியிருப்பு ஸ்டோர் ரூமில் இருக்கின்றன.

தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறேன். மலைமேல் எரிகிற தீபத்துக்குக் காற்றை யாரும் அளந்து தர வேண்டியதில்லை. பாய்லருக்கு அளந்து தரவேண்டும். காற்று ஜாஸ்தியானால் சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வீணாகும். கம்மியானால் எரிபொருள் முழுதாக எரியாமல் வாயுவாகத் தேங்கி, கதவைத் திறந்ததும் குபீரென்று பிடிக்கும். புகையில் நாலு சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் காற்று சரியாகப் போகிறது என்று அர்த்தம். இதைச் சொல்வதற்குத்தான் அப்பாவின் கருவி. நீங்களெல்லாம் அதற்கு 'மூக்கு' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இதை உங்களுக்கே சொல்லித் தருவதாக நினைக்க வேண்டாம். அப்பாவின் கையேட்டை நான் முழுதும் படித்துவிட்டேன் என்பதற்காக எழுதுகிறேன். அதில் பதினோராம் பக்கத்தில் படம் இருக்கிறது. நீளக் குழாயின் நுனி புகைக்குள் இருக்கிறது. தலைப் பகுதி வெளியே இருக்கிறது. காற்றுத் துளை தலையில்தான். உள்ளே ஒரு பீங்கான் கிண்ணத்தின் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் அந்தத் துளை வழியே வரும் வெளிக்காற்று. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கருவி எண் சொல்கிறது. வெளிக்காற்று வராவிட்டால் புகையில் ஆக்சிஜன் ஜாஸ்தி என்று பொய்யாகக் காட்டும்.

சாம்பல் உள்ளே இருக்கிறது. துளை வெளியே இருக்கிறது. சாம்பல் எப்படி வெளியே வந்து துளையில் உட்கார்ந்தது, மாமா?

சனிக்கிழமைச் சோதனையைப் பற்றியும் எழுதுகிறேன். அப்பாவின் சர்வீஸ் நோட்டில் ஆறு வருடச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. நுனி வடிகட்டியைத் துடைத்தது, அளவு தெரிந்த வாயுவை உருளையிலிருந்து விட்டுப் பார்த்தது, காட்டிய எண், திருத்திய எண், 'துளை சரி' என்ற குறிப்பு எல்லாம் இருக்கின்றன. அக்டோபர் 11 மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே திருப்புளி, குறடு, மல்டிமீட்டர் எல்லாவற்றையும் இலையில் வைத்துப் பூஜை போட்டாயிற்று. பூஜையில் வைத்ததை விஜயதசமி பூஜை முடியும்வரை யாரும் தொடுவதில்லை. இந்த வருடம் மேனேஜரின் பேனாகூட இலையில்தான் இருந்தது. மறுபூஜை சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. தீ பாய்ந்தது இரண்டரைக்கு. கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்கு முன் வைத்தவர் நீங்கள். பூட்டியவர் நீங்கள், திறக்கவில்லை என்று எழுதியவரும் நீங்கள்!

நானும் அன்று அங்கே இருந்தேன். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மீட்டர், வால்வு, பம்ப் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தது நான்தான். அப்படி மதிப்பாக வைத்திருந்த இடத்தில் என் அப்பா அலட்சியமாக இருந்தார் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே.

அத்தைக்கு வணக்கம்.

ச. நந்தினி


வேங்கிக்கால்,
20-1-1998

மாமாவுக்கு,

நலம். உங்களிடமிருந்து அம்மாவுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது. கரும்பும் பானையும் அழகாக இருந்தன. என் கடிதத்துக்குப் பதில் அதில் எங்கேயும் இல்லை. திருப்பிக்கூடப் பார்த்தேன்.

ஆகவே நான் கீழ்பென்னாத்தூருக்குப் போய் வந்தேன். தருமன் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய ஊருக்கே வந்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள். செஞ்சி போகிற பஸ்ஸில் அரை மணி நேரம். என் வகுப்புத் தோழி சினேகா வீட்டில் படிக்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் உங்கள் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

அவர் மனைவி ஜோதியம்மாள் மணிலாக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"சகாதேவன் பொண்ணா? உங்கப்பன் ஒழுங்கா மிஷினத் தொடச்சிருந்தா என் வீட்டுக்காரரு மூஞ்சி இப்படி ஆயிருக்குமா? எதுக்கு வந்த, பாத்துட்டுப் போயி ஊர்ல சொல்றதுக்கா?"

"விசாரிக்க வந்தேங்க."

"விசாரிக்கறாளாம். கலெக்டரு!"

உள்ளேயிருந்து தருமன், "ஏ, விடு. கொழந்தைய வரச்சொல்லு. வெயில்ல வந்திருக்குது, தண்ணி குடு" என்றார். ஜோதியம்மாள் தண்ணீர் கொடுத்தார். டம்ளரை என் கையில் தராமல் தரையில் வைத்தார்.

தருமனின் வலது கண் பாதிதான் திறக்கிறது. கன்னம் உருகிய மெழுகு மாதிரி இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். "நிமிந்து பாரும்மா, நான் பாத்துப் பாத்து எனக்குப் பழகிடுச்சு" என்று சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளிக்கெழம சாயங்காலத்துல இருந்தே மீட்டர் ஏழு காட்டுச்சு. உங்க மாமன் காத்து ஜாஸ்தியாப் போவுது, கொறைடான்னாரு. கொறச்சேன். நாலுக்கு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடி ஏறிச்சு. மறுபடி கொறச்சேன். சனிக்கெழமையும் அதே கததான். நெருப்பு செவந்து கறுத்துப் போவுது, எனக்குப் பத்தொம்போது வருச கண்ணு. சார், நெருப்பு மூச்சுத் தெணறுதுன்னேன். மூக்குப் பொய் சொல்லாதுடா, உன் கண்ணுக்குத்தான் கண்ணாடி போடணும்னாரு. சரின்னு கதவத் தொறந்தேன்."

துளையில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு வேடியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒன்று சொன்னாராம். தீ அணைந்த கையோடு நீங்கள் தனியாகக் கருவி இருக்கும் மேடைமேல் ஏறி, பேனாக்கத்தியால் துளையைச் சுரண்டி, எடுத்ததைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்களாம். யாரையும் கிட்டே விடவில்லையாம்.

சாம்பலை யாராவது மடித்துப் பையில் வைப்பார்களா, மாமா?

ச. நந்தினி


மேல்கரணை,
28-1-1998

நந்தினிக்கு,

நலம் விசாரிப்பதற்கெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை.

தருமன் வீட்டு வாசலை மிதிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? அந்தக் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? நாலு புத்தகம் படித்துவிட்டால் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்து கேள்வி கேட்கலாமா?

அவன் நெருப்பைப் பற்றிச் சொன்னதை நான் கேட்கவில்லை. உண்மை. அதற்கு உனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அது என்னோடு இருக்கிறது.

விசாரணை பிப்ரவரி 16. உன் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டு போன மாதமே எழுத்தில் கொடுத்துவிட்டார். உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவரிடமே கேள்.

இதைக் கிளறாதே. கிளறினால் கஷ்டம் உனக்குத்தான். இதுவே கடைசி.

செழியன்


வேங்கிக்கால்,
3-2-1998

மாமாவுக்கு,

உங்களுக்குப் பொறுமை இல்லாததால் நானும் நலம் விசாரிக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். ஒரு ஸ்டெபிலைசரைத் திறந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏம்பா ஒத்துக்கிட்டீங்க?"

"எழுதிக் குடுத்தாச்சு. போய்ப் படி."

"நீங்க செய்யாத தப்ப ஏம்பா…"

"மெஷின் என்னுது. அது பொய் சொன்னா நான் சொன்ன மாதிரிதான். போ நந்தினி."

அவ்வளவுதான். ஈயத்தை அதே இடத்தில் மூன்று தடவை வைத்தார். அவரை நீங்கள் ஏதோ சொல்லி மிரட்டியிருக்கிறீர்கள். இப்போது என்னையும் மிரட்டுகிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். மூக்கு காட்டும் எண்ணைப் பேனா தானே கோடாக வரையும் சார்ட் காகிதச் சுருள்கள் எழுதித் தீர்ந்ததும் அவற்றைக் கழிவு மூட்டையிலிருந்து எடுத்து வேடியப்பன் எனக்குத் தருவார். அதன் பின்பக்கத்தில்தான் நான் கணக்குப் போடுவேன். குடியிருப்பைக் காலி செய்தபோதும் ஒரு பை கொடுத்தார். நேற்று ஒரு சுருளைப் பிரித்துக் கணக்குப் போட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். தொடக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் 6-10-97 என்று இருந்தது. அதே வாரம்!

முன்பக்கம் பேனா வரைந்த கோட்டைப் பார்த்தேன். திங்கள் முதல் வியாழன் வரை நாலை ஒட்டி நெளிந்து நெளிந்து போகிறது. வெள்ளி காலை பதினொன்றே கால் வரைக்கும் அப்படியே. அதற்குப் பிறகு ஏறத் தொடங்குகிறது. மாலைக்குள் ஏழு. தருமன் காற்றைக் குறைத்ததும் நாலுக்கு இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. சனிக்கிழமை இரண்டரைக்கு முன்னால் கோடு நாலில் நல்ல பிள்ளையாக நிற்கிறது. உள்ளே நெருப்பு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்படியானால் துளை அடைபட்டது வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் வாக்கில். அந்த நேரத்தில் மேடைமேல் யார் இருந்தது? அப்பா இல்லை. அப்பா கீழே தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருந்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் என்னை மேலே கூட்டிப் போனதே நீங்கள்தான்.

அந்தத் துளையை அடைத்தது நீங்கள். எதை வைத்து, எதற்காக என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் தேதிக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இந்தச் சுருள் சொல்லும்.

ச. நந்தினி


மேல்கரணை,
8-2-1998

நந்தினி,

எதனால் என்று நவம்பரிலிருந்து கேட்கிறாய். கவரில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரி. துளையிலிருந்து எடுத்தது அதுதான். மோந்து பார்.

அக்கா இல்லாதபோது பிரி.

மாமா


வேங்கிக்கால்,
12-2-1998

மாமாவுக்கு,

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது பிரித்தேன்.

மொச்சைக் கொட்டையில் பாதி அளவு. மஞ்சள். சூட்டில் வெந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. நடுவில் சிவப்பாகக் குங்குமம். மேலே விரல் அழுத்திய தடம், அதில் ரேகைகூடத் தெரிந்தது. சின்ன விரல். மோந்து பார்க்கத் தேவையே இல்லை, பிரித்ததுமே சந்தனம் மணந்தது. என் மோதிர விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு மாதத்தில் விரல் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் பொருந்தியது.

பிறகு எனக்கு எல்லாம் நினைவு வந்தது. டிசம்பரில் நானே உங்களுக்கு எழுதியிருந்தேன், 'ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன்' என்று. அதைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். கொஞ்ச நேரம்தான் யோசித்தேன்.

ஏனென்றால் இன்னொன்றும் நினைவு வந்தது. தரையில் மஞ்சள் கோடு இருந்தது. வேலை செய்யாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் அங்கேயே நின்றேன். "என் அக்கா பொண்ணுக்கு என்னா கோடு, வா" என்று நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனீர்கள். எனக்கு எட்டவில்லை என்று தூக்கிப் பிடித்தீர்கள். எங்கே வைக்கட்டும் என்று நான் கேட்டேன். கேட்டேன் மாமா! "அதோ குழியா இருக்குது பாரு, அதுதான் மூக்கோட நெத்தி. அங்க நல்லா அழுத்தி வை, விழாம இருக்கட்டும்" என்றீர்கள். பதினெட்டு வருடம் பாய்லரில் இருப்பவருக்கு அது என்ன துளை என்று தெரியாது. எனக்குச் சொல்லித் தரவும் ஆள் இல்லை. பிறகு அதே கருவி ஏழு என்று காட்டியபோது மூக்குப் பொய் சொல்லாது என்றும் நீங்களே சொன்னீர்கள்.

அப்பா வந்ததும் காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"அன்னிக்குச் சாயங்காலமே உன் மாமன் இதக் கொண்டாந்து காட்டினான். அழுதான். நான்தான் என் பேர எழுதிக்கடான்னு சொன்னேன்."

"ஏம்பா?"

"தருமன் பொண்டாட்டி வாயில உன் பேரு வரக் கூடாதும்மா. அது நாளைக்கு உன் பின்னாடியே வரும். என் பேரு வந்தா வந்துட்டுப் போவட்டும்."

நான் உங்களைப் பற்றி எழுதியதில் ஒரு பாதி தவறு. நீங்கள் மிரட்டவில்லை. துளையை வேண்டுமென்று அடைக்கவில்லை. அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அப்பா சொன்னார் சரி, நீங்கள் ஏன் சரியென்றீர்கள்? என்னைக் காப்பாற்றுவதாக உங்களுக்கே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். என் பெயர் வெளியே வந்தால் கோட்டைத் தாண்டி என்னைத் தூக்கிப் போனவர் பெயரும் வரும். என் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள். எனக்குப் பதினாலு வயசு, நான் அவ்வளவு அகலம்கூட இல்லை.

விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சுருளையும் அந்தச் சந்தனத்தையும் வைத்து இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது.

ச. நந்தினி


தந்தி
14-2-1998

நந்தினி, வேங்கிக்கால்.
இனி எதையும் அனுப்பாதே. ஞாயிறு வருகிறேன். செழியன்.


மேல்கரணை,
27-2-1998

நந்தினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீ கதவைத் திறக்கவில்லை. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். ஜன்னலில் உன் நிழல் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றேன். எதிர் வீட்டுக்காரர் கடன் வசூலுக்கு வந்தவன் என்று நினைத்து என்னைத் திட்டினார்.

விசாரணை முடிந்தது. வாரச் சோதனையைத் தவறவிட்டதற்கு உன் அப்பாவுக்கு எச்சரிக்கை மட்டும். மார்ச் 9 முதல் வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு வரும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவர் எழுந்து, அது சின்னப் பெண்ணின் கற்பனை என்றார். மூன்று தடவை சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்கள். நான் கற்பனை இல்லை என்றேன். என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். இனி விசாரணை எனக்கு.

சுருளை நீளமாக மேசையில் விரித்தார்கள். விளிம்பு சுருண்டுகொண்டே இருந்ததால் என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். பின்பக்கம் உன் கணக்குகள். கூம்பின் கன அளவு போட்டிருக்கிறாய். மூன்றால் வகுக்க மறந்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் தப்புக் கண்டுபிடிப்பவள் அதையும் பார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: பயந்தேன். அதனால் சரியென்றேன்.

உன் அத்தை உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்கிறாள். எனக்கு இனிமேல் எழுத வேண்டாம். நாற்காலிகளை லாரியில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

செழியன்


வேங்கிக்கால்,
8-3-1998

மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான்.

நாற்காலிகள் வந்து சேர்ந்தன. ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. கூம்புக் கணக்கைத் திருத்திவிட்டேன்.

அப்பா நாளை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். விசாரணைக்குப் போய் வந்த நாளிலிருந்து என்னிடம் பேசவில்லை. நேற்று காலை மட்டும், "கெளம்பு, கீழ்பென்னாத்தூரு போலாம்" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. நான் போகத் தயாராக இருந்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டார். "நீயே போ. நான் வந்தா என் மூஞ்சிக்காக வாய மூடிக்குவாங்க" என்றார்.

ஜோதியம்மாளுக்கும் தருமனுக்கும் முன்னால் நின்று சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அந்த ஓட்டையில சந்தனம் வெச்சது நான்தாங்க" என்று மட்டும் வந்தது. நீங்கள் தூக்கிப் பிடித்ததைச் சொல்லவில்லை. அதை நீங்கள் வந்து சொல்லுங்கள்.

தருமன், "சாமி கும்புட வெச்சதுதான" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஜோதியம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"எந்த வெரலு?"

காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருதாணி வைத்துச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி. பிறகு கையை விட்டார்.

"வரேங்க" என்றேன்.

எந்த வீட்டிலும் அதற்கு ஒரே பதில்தான், போயிட்டு வா என்பார்கள். எங்களைக் குடியிருப்பிலிருந்து அனுப்பிய அன்று வாட்ச்மேன்கூட அப்படித்தான் சொன்னார்.

ஜோதியம்மாள், "போ" என்றார்.

டீக்கடையில் அப்பா, "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"போன்னாங்கப்பா."

அப்பா என் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டார். பஸ் வரும்வரை விடவில்லை.

உங்களை ஒருமுறை வந்து போகச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இந்தத் தடவை கதவைத் திறப்பேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

ச. நந்தினி